கொழுந்துக் கறை

மண்டபத்துக்காரன்:
போன மாசியில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தது. தெருக்கோடியில் ஒரு பெரியவர் தன் வீட்டுச் சுவரில் படம் எழுதிக்கொண்டிருந்தார். கடை போர்டு எழுதிப் பிழைத்தவர். தேயிலைத் தூர்களுக்கு நடுவே ஒரு அம்மா. கூடைக்கயிறு தலையை அழுத்த, கூடை முதுகில் தொங்குகிறது, இடுப்பில் சாக்கு. விரல் நுனியெல்லாம் கறுப்பு.

"சாயம் வழிஞ்சிருச்சா ஐயா?"

"வழியல தம்பி, கொழுந்துக் கறை. சோப்புப் போட்டாலும் போகாது. எங்கம்மா சோறு ஊட்டின கை அப்படித்தான் இருக்கும்."

இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமாம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக எழுதினார்களே, அந்தக் கணக்கில் வந்த குடும்பம். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, அப்புறம் மண்டபம் கேம்ப். கண்டிச் சீமைக்குக் கூலி வேலைக்குப் போனவர்களை நிறுத்தி, நோய் நொடி பார்த்து அனுப்பியதும் அதே கேம்பில்தான். இவருடைய பாட்டன் அப்படிப் போனவர். பாட்டன் போன வழியிலேயே பேரன் வந்து சேர்ந்திருக்கிறார். நினைத்தால் இப்போதும் நெஞ்சை அடைக்கிறது.

இலங்கைத் தேயிலைக்கு ஊர் உலகமெல்லாம் பேர். அதைக் கிள்ளிய கைக்கு நம் கரையில் நான் பார்த்த ஒரே படம் இது.

திருவாடானைப் பேத்தி:
அண்ணே, எங்க அப்பத்தாவிடம் இருப்பது பாட்டு. நாற்று நடும்போது பாடுவார். அவருக்கு அவருடைய அப்பத்தா சொல்லிக்கொடுத்தது. கோப்பித் தோட்டக் காலத்துச் சங்கதி. கூலிக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பேச்சை நம்பிக் கடல் தாண்டி, மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தவர்களில் பேதி கண்டு விழுந்தவர்களை அங்கங்கே விட்டுவிட்டுப் போனதை முறை வைத்துச் சொல்லும் பாட்டு. அந்த இடத்தில் அப்பத்தா குரல் தானாகத் தணிந்துவிடும்.

2023ல் இலங்கை மலையகத் தமிழர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நினைவு நடை போனார்களே, அதைப் போனில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "யாரு பெத்த பிள்ளைகளோ. காலுக்குச் செருப்பு கிடக்கா?" என்று மட்டும் கேட்டார்.

பாட்டைப் பதிந்து வைத்திருக்கிறேன். இரண்டு அடி அவருக்கே மறந்துவிட்டது. அந்தச் சுவரை அவருக்குக் காட்டணும். எப்படி வரணும்?

மண்டபத்துக்காரன்:
கேம்ப் ஸ்டேஷனில் இறங்குங்க தங்கச்சி, நான் வந்து கூட்டிப்போறேன். ஐப்பசி மழைக்கு முன்னால வாங்க. உப்புக்காற்றில் சாயம் உரிகிறது. கையை மட்டும் ரெண்டு தடவை திரும்ப எழுதிட்டேன்னு ஐயா சொன்னார்.