ஒக்சானா லிவாச்: வினேஷிடம் தோற்ற பிறகும் வெண்கலப் போட்டி எப்படி வந்தது?

கெடிலம் (கடலூர்):
வணக்கம். இங்கே மல்யுத்தம் பழகும் 16 வயதுப் பிள்ளைகளுக்கு 2024 பாரிஸ் 50 கிலோ ஆட்டங்களைப் போட்டுக் காட்டுகிறோம். உக்ரைனின் ஒக்சானா லிவாச் காலிறுதியில் வினேஷ் போகத்திடம் 7-5 என்று தோற்றார். மறுநாள் அவரே ஜப்பானின் யூய் சுசாகியுடன் வெண்கலத்துக்கு மோதுகிறார். தோற்றவருக்கு எப்படி மறுவாய்ப்பு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இன்னொன்று: 52 கிலோ இருக்கும் ஒரு பெண், லிவாச் மாதிரி 50-க்கு இறங்கப் பார்க்கிறாள். சரியா?

உப்பளம் மேட் (புதுச்சேரி):
அது ரெப்பசாஜ், சார். இறுதிக்குப் போகிறவரிடம் யார் யார் தோற்றார்களோ அவர்களுக்கு மட்டும் வெண்கலத்துக்கு வழி திறக்கும். வினேஷிடம் முதல் சுற்றில் சுசாகி, காலிறுதியில் லிவாச், அரையிறுதியில் கியூபாவின் குஸ்மான் தோற்றார்கள். வழக்கப்படி சுசாகியும் லிவாச்சும் முதலில் மோதி, ஜெயிப்பவர் குஸ்மானுடன் வெண்கலத்துக்கு ஆட வேண்டும்.

இரண்டாம் நாள் காலை எடையில் வினேஷ் 100 கிராம் கூடிப்போனார். விதிப்படி அவருக்குக் கடைசி இடம். குஸ்மான் இறுதிக்கு ஏறினார். அந்த இடம் காலியானதால் சுசாகி–லிவாச் ஆட்டமே வெண்கலப் போட்டியாகிவிட்டது. சுசாகி 10-0. லிவாச்சுக்கு ஐந்தாம் இடம்.

பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இது: காலிறுதியில் தோற்ற அன்று லிவாச்சின் வேலை முடியவில்லை. வினேஷின் அரையிறுதி அன்று மாலைதான். அது முடியும்வரை தோற்றவரும் வயிறாரச் சாப்பிட முடியாது. மறுநாள் காலை அதே 50 கிலோவைக் காட்டியாக வேண்டும். எடை பார்க்க 15 நிமிடம்தான் (முதல் நாள் 30 நிமிடம்). தோற்ற துக்கத்தில் தண்ணீரும் சோறும் அள்ளிப் போட்டுக்கொண்டால் வந்த வாய்ப்பும் போய்விடும்.

வங்கக்கரை (கடலூர்):
மேலே சொன்னது சரி. ஆனால் "லிவாச்சுக்கு அதிர்ஷ்டம்" என்று பலர் எழுதுவதை ஏற்க முடியாது. எப்படிப் பார்த்தாலும் அடுத்த எதிராளி சுசாகிதான். வினேஷுக்கு முன் எந்த வெளிநாட்டவரிடமும் தோற்றிராதவர். மாறியது இவ்வளவுதான்: ஜெயித்தால் குஸ்மானுடன் இன்னோர் ஆட்டம் இல்லாமலே வெண்கலம்; வழக்கமான ரெப்பசாஜில் தோற்றிருந்தால் ஐந்தாம் இடம்கூடக் கிடைத்திருக்காது.

டோக்கியோவிலும் லிவாச் வெண்கலப் போட்டி வரை வந்து அமெரிக்காவின் சாரா ஹில்டெப்ராண்டிடம் 12-1 என்று தோற்றார். இரண்டு ஒலிம்பிக்கிலும் பதக்கத்துக்கு ஒரே ஆட்டம் பாக்கி. உக்ரைனில் இந்தச் சின்ன எடைக்குத் தனி மரியாதை உண்டு. 2004 ஏதென்ஸில் பெண்கள் மல்யுத்தம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் வந்தபோது 48 கிலோ தங்கம் இரினா மெர்லெனிக்கு. அவர் பழைய முடிவுப் பட்டியல்களில் மெல்னிக் என்ற பெயரில் இருப்பார், தேடும்போது கவனியுங்கள். அந்த வரிசையில் வந்தவரை லேசாக எடைபோட வேண்டாம்.

10-0 என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். 10 புள்ளி வித்தியாசம் வந்ததும் ஆட்டம் நின்றுவிடும். ஒரு டேக்டவுனுக்கு (நிற்பவரைக் கீழே வீழ்த்திப் பிடிப்பதற்கு) 2. உடனே கணுக்கால்களைப் பின்னிப் பிடித்து உருட்டும் லெக் லேஸில் ஒவ்வொரு உருட்டுக்கும் 2. நான்கு உருட்டு விழுந்தால் கதை முடிந்தது, ஒரு நிமிடம்கூட ஆகாது. கீழே விழுந்தவள் செய்கிற தப்பு, கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு கையால் எழும்பப் பார்ப்பது. விழுந்த நொடியே கணுக்கால்களை அகட்டு, இடுப்பை விரிப்பில் அழுத்து, அவள் பிடியைப் பூட்டுமுன் அவள் பக்கம் திரும்பு. பூட்டிய பிறகு தப்பிப்பது அரிது. வாரம் இரண்டு நாள் இதை மட்டுமே பழக்கலாம், அவ்வளவு முக்கியம்.

கெடிலம் (கடலூர்):
நன்றி. அப்போ வினேஷ்–சுசாகி ஆட்டம்? 2-0 முன்னிலையில் இருந்த சுசாகி எப்படி 3-2 தோற்றார்?

உப்பளம் மேட் (புதுச்சேரி):
சுசாகியின் இரண்டும், எதிராளி தாக்காமல் இருந்ததற்கு வந்த ஒற்றைப் புள்ளிகள். தாக்காதவரை நடுவர் எச்சரித்து விடும் 30 விநாடியில் இருவரும் புள்ளி எடுக்காவிட்டால் அவருடைய எதிராளிக்கு 1 போகும். கடைசி விநாடிகளில் வினேஷ் ஒரு டேக்டவுன் எடுத்தார். 2-2. சமநிலையில் பெரிய மதிப்புள்ள பிடி யாருடையதோ அவரே முன்னிலை. 2 புள்ளிப் பிடி வினேஷுடையது. ஜப்பான் அந்தத் தீர்ப்பை எதிர்த்து முறையிட்டுத் தோற்றதால் வினேஷுக்கு இன்னொரு 1.

எடை விஷயம்: இறங்க வேண்டாம். 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 50 கிலோவே கிடையாது. 46, 49, 53, 57 என்றுதான் போகும். 52 கிலோப் பெண்ணுக்கு 53 பொருத்தமான இடம். வயிற்றைக் கட்டாமல் நேராக ஆடலாம். 49-க்கு மூன்று கிலோ குறைத்தால் குறைவது பெரும்பாலும் தண்ணீர்தான். நம் கடற்கரை ஈரக்காற்றில் வியர்வை காயாது, உடம்பு ஆறாது. தசைப்பிடிப்பும் மயக்கமும் சீக்கிரம் வரும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, உப்புப் போட்ட மோரும் தண்ணீருமாக, சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும்.

வங்கக்கரை (கடலூர்):
ஒன்று சேர்க்கிறேன். சில்வர் பீச் மணலில் பழக்குகிறவர்கள் கால் வலுவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மணலில் முழங்கால் சறுக்காது, அதனால் உள்ளே பாயும் கோணம் தப்பாகப் பழகிவிடும். விரிப்பில் அதே பிள்ளை எதிராளியை எட்டாமல் பாதியிலேயே நின்றுவிடுவாள். எல்லை உணர்வுக்கு மணல் நல்லது. ஒரு முளை அடித்து நாலரை மீட்டர் கயிறு கட்டிச் சுற்றினால் 9 மீட்டர் வட்டம் சரியாக வரும். வெளியே கால் வைத்தால் எதிராளிக்கு 1 புள்ளி என்று எண்ணிக்கொண்டே தள்ளிப் பழகட்டும்.