மறுமொழி: ‘ட்ரெய்லர் டாலி’க்குத் தமிழ் என்ன? திங்களுக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பயனர் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை கொடுத்தாக வேண்டும். வீட்டு முற்றத்திலோ சந்திலோ கார் நுழைய முடியாத இடத்தில் படகு ட்ரெய்லரைக் கையால் நகர்த்த உதவும் சிறு வண்டியைப் பற்றியது. இரண்டு சக்கரம், நீளமான கைப்பிடி, சக்கரத்துக்கு மேலே ஒரு இரும்புக் குண்டு. காரின் பின்னால் உள்ள குண்டில் ட்ரெய்லரை மாட்டுவதுபோலவே இதிலும் மாட்டிவிட்டு, தள்ளலாம், இழுக்கலாம், திருப்பலாம். ஆங்கிலத்தில் ட்ரெய்லர் டாலி.

ட்ரெய்லரை ‘இழுவண்டி’ என்றும், காரை ‘இழுவை வண்டி’ என்றும், டாலியை ‘இழுக்கும் கைவண்டி’ என்றும் போட்டேன். விளைவு இப்படி வந்தது:

> இழுவண்டியை இழுவை வண்டியிலிருந்து கழற்றி, இழுக்கும் கைவண்டியில் மாட்டவும்.

எழுதிய எனக்கே யார் யாரை இழுக்கிறார் என்று தெரியவில்லை. கூடவே ‘ஜாக்கி வீல்’ என்று ஒன்று வருகிறது. ட்ரெய்லரின் முன்முனையைத் தாங்கும் சிறு சக்கரம். ‘குதிரையோட்டிச் சக்கரம்’ என்று எழுத மனம் வரவில்லை. உதவுங்கள்.

— மதுரைக்காரி

அன்புள்ள மதுரைத் தங்கைக்கு,

சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. ‘இழுவண்டி’ வினைத்தொகை. ஊறுகாய் ஊறும் காய். அதுபோல இழுவண்டி இழுக்கும் வண்டி. அதாவது கார்தான் இழுவண்டி. இழுக்கப்படுவதைச் சொல்ல ‘இழுபடுவண்டி’ என்றுதான் வர வேண்டும். ‘படகிழுவண்டி’ என்று யாராவது முன்மொழிவதற்குள் சொல்லிவிடுகிறேன், அது படகை இழுக்கிற வண்டியா, படகு இழுக்கிற வண்டியா என்று உரையாசிரியர்தான் வந்து தீர்க்க வேண்டியிருக்கும்.

நமக்குப் பழஞ்சொல் இருக்கப் புதுச்சொல் எதற்கு? ‘கால்பார் கோத்து ஞாலத்து இயக்கும் காவல் சாகாடு’ என்பது புறநானூறு 185. சாகாடு என்றால் வண்டி. அதைச் செலுத்துபவன் ‘உகைப்போன்’. ஆகவே டாலி, ‘கைச்சாகாடு’. வினையை முன்னிறுத்த வேண்டுமானால் ‘உகைப்பான்’.

வள்ளுவர் 496ஆம் குறளில் ‘கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து’ என்றார். ட்ரெய்லரைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

— புலவர்

புலவர் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பாதுகாப்புக் குறிப்பில் ‘கைச்சாகாட்டில் மாட்டியபின் நகர்த்தவும்’ என்று அச்சாகி, ஒரு ஒற்று கூடி விழுந்தால் ‘சாக்காடு’ ஆகிவிடும். வாங்கினவன் பெட்டியை மூடித் திருப்பி அனுப்பிவிடுவான்.

என் கருத்து: டாலி, டாலியாகவே இருக்கட்டும். பஸ், பம்ப், பேரிங் எல்லாம் இங்கே பட்டறையில் தமிழாகவே இருக்கின்றன. அதோடு ஒரு கேள்வி. வீட்டில் படகு வைத்திருக்கிறவன் இந்தக் கையேட்டைத் தமிழில் படிப்பானா? யாருக்காக இந்தப் பாடு?

— கோவை

டாலியை அப்படியே விட்டால் வேறு வம்பு. ‘டோலி’ என்று ஒன்று நம்மிடம் இருக்கிறது. சபரிமலையில் முடியாதவர்களைத் தூக்கிப் போவார்களே, சாலை இல்லாத மலைக்கிராமத்தில் நோயாளியைத் துணியில் கட்டிச் சுமந்து வருவார்களே, அது. எழுத்துப் பிழையில் டாலி டோலியானால் படகைத் தோளில் சுமக்கச் சொன்னதாகிவிடும். கோடம்பாக்கத்தில் கேமரா வைத்துத் தள்ளுவதையும் ஆங்கிலத்தில் டாலி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் நம்மவர்கள் அதை ‘டிராலி’ ஆக்கிவிட்டார்கள். வாய்க்கு எது வருகிறதோ அதுதான் நிற்கும். இங்கேயும் ‘டிராலி’ போட்டால் என்ன?

— சென்னை

டிராலி என்றால் எங்கள் பக்கம் டிராக்டருக்குப் பின்னால் வருவது. அதாவது ட்ரெய்லரேதான். மறுபடி முதல் வரிக்கே வந்துவிட்டோம்.

— மதுரைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். இந்தச் சாமான் என் வீட்டில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிட்னியில் இருக்கிறவன், ஆகவே என் தமிழ் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவே ஒரு ஒடுங்கின பாதை. அதில்தான் படகு நிற்கிறது. அலுமினியப் படகு, எஞ்சின், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து 700 கிலோ அளவில் வரும். இங்கே 750 கிலோ வரைக்கும் ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயமில்லை, என்னுடையதில் இல்லை. சமமான கொங்கிறீட்டில் அதை நகர்த்த 10, 15 கிலோ தூக்குகிற பலம் போதும், புறப்படும்போது கொஞ்சம் கூட. ஆனால் 20 அடிக்கு ஒரு அடி ஏறுகிற சரிவு வந்தால் அதோடு 35 கிலோ சேரும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில் அதே 35 கிலோ எங்களைத் தள்ளும், டாலிக்கோ பிரேக் கிடையாது. ஆகவே கையேட்டில் பெரிய எழுத்தில் வரட்டும்: சரிவின் கீழ்ப்பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது, மேல்பக்கத்தில் கயிறோ வின்ச்சோ (கயிறு சுற்றும் உருளை) பிடித்திருக்க வேண்டும். புல்லில் சில்லு, அதாவது சக்கரம், புதைந்தால் பலகை போடுவது நல்லது. மழைக்குப் பிறகு படகின் அடித்தக்கையை (அடியிலுள்ள அடைப்பானை) கழற்றித் தண்ணீரை விட்டுவிட வேண்டும், 100 லீட்டர் நின்றால் 100 கிலோ. ட்ரெய்லரில் ஓவர்ரைடு பிரேக் (ட்ரெய்லர் காரை முட்டும்போது தானாகப் பிடிப்பது) இருந்தால், பின்னால் தள்ளும்போது அது தானாகவே பிடிக்கும். அதைத் தடுக்கிற பூட்டைப் போடாமல் நான்கு பேர் தள்ளினாலும் அசையாது.

கோவை அண்ணா, யார் தமிழில் படிப்பார்கள் என்று கேட்டீர்கள். டாலியைப் பிடிப்பது நான். பின்பக்கம் நின்று சுவரில் இடிக்காமல் பார்ப்பவர் அப்பா. அவருக்கு ஆங்கிலம் வராது. அவருக்கு நான் கத்த வேண்டிய சொல்தான் எனக்கு முக்கியம். டாலிக்கு என்ன பெயர் என்பதைவிட, ட்ரெய்லரின் முன்முனைக்கு என்ன பெயர் என்பது பெரிய விசயம். ஏனென்றால் ஆபத்து அங்கேதான். பின்னால் எஞ்சின் பாரம். ஒருவர் படகின் பின்பக்கம் ஏறினால் முன்முனை டாலியோடு சேர்ந்து மேலே எழும்பும். நாங்கள் அதை ‘மூக்கு’ என்கிறோம். ‘மூக்கு எழும்புது!’ என்றால் அப்பா உடனே இறங்குவார். ஆகவே டாலிக்கு ‘மூக்குவண்டில்’ என்று என் வாக்கு.

ஜொக்கி வீலுக்கு ‘மூக்குச்சில்லு’.

— சிட்னிக்காரன்

சிட்னித் தம்பி சொன்னது மெத்தச் சரி. ஆனா ஒரு திருத்தம். படகு மேலே இருக்கும்போது மூக்கு யாருக்கு, படகுக்கா வண்டிக்கா? படகின் முன்பக்கத்துக்குக் கடற்கரையில் ‘அணியம்’ என்றும் பின்பக்கத்துக்கு ‘அமரம்’ என்றும் பேர். இதைப் புத்தகத்தில் தேட வேண்டாம், எங்க ஊர்ச் சின்னப்பையன் சொல்லுவான். ‘பின்பகுதியில் ஏறுவதைத் தவிர்க்கவும்’ என்று எழுதாமல் ‘அமரத்தில் ஏறாதே’ என்று எழுதும்மா. வண்டியின் முன்முனைக்கு மூக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம், இழுத்தல் இழுத்தல் என்று ஏன் அல்லாடுகிறீர்கள்? வலையை வலிப்போம், துடுப்பு வலிப்போம். ‘வலிவண்டி’ என்று வைத்தால் இழுவண்டியோடு மோதாது.

— தூத்துக்குடி அண்ணாச்சி

அண்ணாச்சி, ‘வலிவண்டி’ என்றால் மருந்துக்கடையில் தேடுவார்கள். முழங்கால் வலி, முதுகு வலி, வலிவண்டி. மன்னிக்கவும்.

— கோவை

திருவாரூரிலிருந்து ஒரு வார்த்தை. ட்ரெய்லரைக் குறுகலில் திருப்புவது எப்படி என்று கையேட்டில் இருக்குமே? ஒரு சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு மூக்கைப் பக்கவாட்டில் தள்ளினால், கட்டை கொடுத்த சக்கரத்தை நடுவாக வைத்து வண்டி திரும்பும். ஒற்றை அச்சு வண்டிக்குத்தான் இது எளிது. இரட்டை அச்சில் டயர் தரையில் உரசி அடம்பிடிக்கும். எங்கள் ஆழித்தேருக்கும் இதே வித்தைதான். முட்டுக்கட்டை போடுகிறவர் கணக்குத் தப்பினால் தேர் வீதியை விட்டு விலகும். முனையில் திரும்பும்போது சக்கரத்துக்கு அடியில் இரும்புத்தகடு போட்டு மசகு தடவுவார்கள், வழுக்கித் திரும்புவதற்காக. இப்போது ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கிறது, இருந்தாலும் கட்டைக்காரர் இல்லாமல் தேர் நகராது.

ஆகவே ‘வீல் சாக்’ என்பதற்கு ‘சக்கரத் தடுப்பான்’ எல்லாம் வேண்டாம். முட்டுக்கட்டை. செய்தித்தாளில் ‘வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை’ என்றே எழுதி எழுதி, அது ஒரு நிஜக் கட்டை என்பதே மறந்துபோய்விட்டது.

— தேரடி

முட்டுக்கட்டையை வழிமொழிகிறேன். இத்தனை மடலில் சண்டையில்லாமல் முடிந்தது இது ஒன்றுதான்.

ஜாக்கி வீல் பற்றி ஒரு எண்ணம். தமிழ்நாட்டில் ‘ஜாக்கி’ என்றால் குதிரைப் பந்தயக்காரர் அல்ல, கார் தூக்குகிற ஜாக்கி. அந்தச் சிறு சக்கரத்தைத் திருகு சுற்றித்தானே ஏற்றி இறக்குகிறோம்? அப்படியானால் ‘ஜாக்கிச் சக்கரம்’ என்று எழுதினால், படிப்பவர் சொல்லின் மூலத்தைத் தப்பாக நினைத்தாலும் வேலையைச் சரியாகவே செய்வார்.

— சென்னை

எங்களுக்கு அது பொருந்தாது. நாங்கள் கார் தூக்குவதை ‘ஜக்’ என்போம். ஆனாலும் புரியும், எதிர்க்கவில்லை.

— சிட்னிக்காரன்

தேரடியார் மடல் கண்டு மகிழ்ச்சி. முன்னே சொன்ன புறநானூற்று அடியில் ‘கால்’ என்பது சக்கரம். அதே நூலில் 102ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் ‘சேம அச்சு’ கட்டிப் போனதைச் சொல்கிறார். பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ யாருக்குத் தெரியும் என்று முன்யோசனையாகக் கட்டியது. இன்று ட்ரெய்லரில் மாட்டியிருக்கும் உதிரிச் சக்கரத்துக்கு அந்தச் ‘சேம’ எவ்வளவு பொருத்தம்! ‘சேமக்கால்’ என்று வையுங்கள். ட்ரெய்லரையும் குண்டையும் சேர்க்கும் நீண்ட சட்டத்துக்கு ‘ஏர்க்கால்’ இருக்கவே இருக்கிறது, மாட்டுவண்டியில் அதுதான் பெயர். ஏர்க்காலைத் தாங்குவதால் டாலிக்கு ‘ஏர்க்கால்தாங்கி’ என்றும் சொல்லலாம். உகைப்பானை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை.

— புலவர்

ஐயா, உதிரிச் சக்கரத்தை யாருமே கேட்கவில்லையே!

‘ஏர்க்கால்’ நல்ல சொல், சட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘தாங்கி’ என்றால் ஓரிடத்தில் நின்று தாங்குவது. இது நகர்கிறது. அதற்காகவே வாங்குகிறார்கள்.

— கோவை

அனைவருக்கும் நன்றி. இன்று ஞாயிறு, மணி இரவு பதினொன்று. இப்படி வைத்துக்கொள்கிறேன்:

ட்ரெய்லர், ட்ரெய்லராகவே. கார், கார். சட்டம் ‘ஏர்க்கால்’, முதல் இடத்தில் படத்தோடு. அதன் முனை ‘மூக்கு’. சாக், ‘முட்டுக்கட்டை’. சிறு சக்கரம் ‘ஜாக்கிச் சக்கரம்’. எச்சரிக்கைப் பக்கத்தில் ‘அமரத்தில் ஏறாதீர்கள்’ என்று போட்டு, பக்கத்தில் ‘படகின் பின்பக்கம்’ என்றும் சேர்த்திருக்கிறேன். அண்ணாச்சி மன்னிக்கவும், மதுரையில் கடல் இல்லை.

டாலிக்கு ‘நகர்த்துவண்டி’. நகர்த்து என்பது பிறவினை, ஆகவே தான் நகர்வது அல்ல, இன்னொன்றை நகர்த்துவது என்று தெளிவாக இருக்கிறது. புலவர் ஐயாவும் இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. தனிமடலில் கேட்டவர்களில் பெரும்பாலோர் ‘சரி, அனுப்பு’ என்றார்கள். சிலர் சொல்லையே படிக்காமல் சரி என்றது போலத்தான் இருந்தது.

— மதுரைக்காரி

குறையில்லை. ஆனால் சுவையுமில்லை. அலமாரியை நகர்த்துவண்டி, மேசையை நகர்த்துவண்டி என்று எதற்கும் சொல்லலாம். உகைப்பான் என் கட்டுரையில் தொடரும்.

— புலவர்

தங்கச்சி, நல்ல வேலை. நகர்த்துவண்டி கடையில் இருக்கட்டும்; எங்கள் வீட்டில் அது மூக்குவண்டில்தான். மூக்கு என்ற சொல் கையேட்டில் வந்துவிட்டது, அது போதும். ஒன்று மட்டும் பாருங்கள்: மூக்கைக் குண்டில் இறக்கியபின் பூட்டு விழுந்ததா என்று பார்க்கும் வரி உங்கள் வரைவில் ஆறாவதாக இருக்கிறது. அது நகர்த்தச் சொல்லும் வரிக்கு முன்னால் வர வேண்டும்.

— சிட்னிக்காரன்

மாற்றிவிட்டேன் அண்ணா. இப்போது வடிவமைப்பாளர் கேட்கிறார்: ‘நகர்த்துவண்டி’ சேர்த்தா, ‘நகர்த்து வண்டி’ பிரித்தா?

— மதுரைக்காரி

வினைத்தொகையைப் பிரித்தெழுதுவது பற்றி நாளைக் காலை விரிவாக எழுதுகிறேன்.

— புலவர்

சேர்த்தே போடும்மா. காலைக்குள் அனுப்பிவிடு.

— தூத்துக்குடி அண்ணாச்சி