கணேஷ்–வசந்தில் அடுத்து எது படிக்கலாம்?

காரைக்குடியில் ஒரு வீட்டு வளவில் கூடிப் படிக்கும் சிறு குழு எங்களுடையது. எழுத்தாளர் சுஜாதாவின் கணேஷ்–வசந்த் நாவல் வரிசையில் (துப்பறியும் வக்கீல் கணேஷ், அவர் ஜூனியர் வசந்த்) மாட்டிக்கொண்டு நிற்கிறோம். வசந்த் வருவதற்கு முந்தைய 'நைலான் கயிறு' (1968) கொடுத்துப் பார்த்தேன். பெரியவர்களுக்குப் பிடித்தது, கல்லூரிப் பிள்ளைகள் பாதியில் வைத்துவிட்டார்கள். 'கொலையுதிர் காலம்' எல்லாரும் முடித்தார்கள். ஆனால் பேயா விஞ்ஞானமா என்று அடித்துச் சொல்லாத முடிவை வைத்து ஒரே சண்டை. அப்புறம் வசந்த் பெண்களைப் பற்றி அடிக்கும் ஜோக்குகள். "இவன யாரு உள்ள விட்டா?" என்று ஒரு ஆச்சி புத்தகத்தைக் கவிழ்த்தே வைத்துவிட்டார். (எனக்கென்னவோ வசந்த் இல்லாவிட்டால் உப்புச் சப்பில்லை.) சரி, வேறு எழுத்தாளருக்கு மாறலாம் என்றால் பாதிப் பேர் ஒப்பவில்லை. அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு. ஜோக் குறைவாக, முடிவு தெளிவாக உள்ள கணேஷ்–வசந்த் நாவல் எது?