கலைச்சொல் தேவை: எஞ்சின் சூட்டைச் சுமந்துபோகும் அந்தத் திரவம்

[இழை தொடங்கியவர்]

நண்பர்களுக்கு வணக்கம். பழைய கார்களைப் பழுதுபார்க்கப் பழகுகிறவர்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினால் காரணம் கண்டுபிடிப்பது எப்படி என்று ஓர் அத்தியாயம். 'கூலன்ட்' பக்கத்துக்குப் பத்துத் தடவை வருகிறது. முதல் வரைவில் 'குளிர்நீர்' என்று போட்டிருந்தேன். வகுப்பில் வாசித்தபோது, "குளிர்நீர் குறைந்திருந்தால் நிரப்புக" என்ற வரியைக் கேட்ட ஒரு பையன் நேராகக் குழாயடிக்குப் போய் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் பிடித்து வந்துவிட்டான். எஞ்சினை அப்போதுதான் அணைத்திருந்தோம். எஞ்சினின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரின் மூடியில் கை வைப்பதற்குள் பிடித்து இழுத்தேன். அவன் மேல் தப்பில்லை, நான் எழுதியதைத்தான் செய்தான்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல் கொடுங்கள்.

[தமிழாசிரியர்]

அன்புள்ள அம்மா, புதுச்சொல் எதற்கு? ஏற்கெனவே நம்மிடம் இருப்பதுதான். தண்மை + நீர் = தண்ணீர். வெம்மை + நீர் = வெந்நீர். குளிர்ச்சி தரும் நீர் என்பதே தண்ணீரின் முதற்பொருள். நாளடைவில் நாம் அதை வெறும் நீருக்கு ஆக்கி, கடைசியில் 'சுடுதண்ணீர்' என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டோம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காது கூசும்.

'தண்' என்ற வேரை மீட்போம். தண்மை, தண்ணளி, தண்டமிழ் எல்லாம் அதன் கிளைகள். காமத்துப்பாலில் தலைவியிடம், நீங்கினால் சுடும், நெருங்கினால் குளிரும் தீ இருப்பதாகச் சொல்கிறார் வள்ளுவர். 'குறுகுங்கால் தண்ணென்னும் தீ'! எஞ்சினுக்குப் பக்கத்தில் ஓடும் திரவத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்குமா? என் பரிந்துரை: தண்மி.

[பட்டறைக்காரர்]

ஐயா, மன்னிக்கணும். எங்கள் பட்டறையில் தாள் என்றால் கிரீஸ் கை பட்ட தாள்தான். அதில் 'தண்மி' என்று இருந்தால் பையன்கள் 'தண்ணி' என்றுதான் படிப்பார்கள். திரும்பவும் வாளி வரும்.

[இயற்பியல் ஆசிரியை]

தண்மியில் இலக்கணச் சிக்கலும் உண்டு. பூச்சிக்கொல்லி, ஒலிபெருக்கி, சுமைதாங்கி என்று 'இ' விகுதி வினையோடு சேர்ந்துதான் செய்பவனையோ செய்வதையோ குறிக்கும். தண்மை பண்புப்பெயர். அது எதைச் செய்யும்? வினை வேண்டுமென்றால் குளிர்வி, அதிலிருந்து 'குளிர்விப்பி'. வெறும் 'குளிரி' என்றால் தானே குளிர்வது என்றாகிவிடும். 'குளிரூட்டி'யை ஏசிக்குக் கொடுத்தாயிற்று.

இன்னொன்று. ரேடியேட்டருக்குக் 'கதிர்வீசி' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பேரிலேயே பிழை. அதிலிருந்து வெளியேறும் வெப்பத்தில் பெரும்பங்கு கதிராகப் போவதில்லை, தகடுகளின் நடுவே புகுந்து வரும் காற்றோடுதான் போகிறது. அடுத்த மொழிக்காரன் செய்த தவற்றை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

[இளையவர்]

என் பங்குக்கு: ஆற்று. சூடு ஆறுகிறது, சூட்டை ஆற்றுகிறோம். மாறு-மாற்று, ஏறு-ஏற்று, தேறு-தேற்று போல அழகான சோடி. எல்லார் வாயிலும் தினமும் புழங்குவது. ரேடியேட்டர் = சூடாற்றி. கூலன்ட் = ஆற்றுநீர்.

[தமிழாசிரியர்]

தம்பி, ஆற்றுநீர் என்றால் ஆற்றில் ஓடும் நீர். இப்போது பையன் வாளியோடு குழாயடிக்குக்கூடப் போகமாட்டான், ஆற்றங்கரைக்குப் போய்விடுவான்.

[இளையவர்]

:) சரி ஐயா, 'ஆற்றுநீர்மம்' என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சூடாற்றியை விடமாட்டேன்.

[பட்டறைக்காரர்]

நான் ஒன்று கேட்கலாமா? அது உண்மையில் என்ன செய்கிறது என்று யாரும் சொல்லவில்லையே. அது குளிர்விப்பதில்லை. எஞ்சினிடமிருந்து சூட்டை வாங்கி ரேடியேட்டரில் கொண்டுபோய்க் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் சூடு எங்கே நின்றுபோனது என்று பார்ப்பதுதான் வேலையே.

ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) கை வைக்க முடியாமல் சுடுகிறது, கீழ் ஹோஸ் சில்லென்று இருக்கிறது என்றால் சூடேறியதும் திறந்து கூலன்டை ஓடவிட வேண்டிய தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. நின்றால் சூடேறி, ஓடினால் இறங்குகிறதா? ஃபேனைப் பார். ஓடும்போதே ஏறினால் கூலன்ட் சுற்று குறைந்திருக்கிறது: பம்ப், அடைப்பு, இல்லையென்றால் கீழ் ஹோஸ் உள்ளுக்குச் சப்பிப்போயிருக்கும். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த மாதிரி கூழ், ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி, புகைபோக்கியில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை, இதில் இரண்டு சேர்ந்தாலே ஹெட் கேஸ்கெட்டை, அதாவது எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகட்டை, சந்தேகப்படலாம். வெள்ளைப் புகை மட்டும் என்றால் அவசரப்படக் கூடாது, காலைக் குளிரில் எந்த வண்டியும் கொஞ்சம் விடும்.

எல்லாரையும் ஏமாற்றுவது ஒன்று உண்டு. எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும், மீட்டர் முள் திடீரென்று கீழே விழும். அப்பாடா, ஆறிவிட்டது என்று ஓட்டிக்கொண்டே போவார்கள். கூலன்ட் மட்டம் இறங்கி, சூட்டை அளக்கும் சென்சார் வெறும் ஆவியில் நிற்கிறது, அதனால்தான் முள் விழுந்தது. ஹீட்டரைப் போட்டுப் பார்த்தால் குளிர்ந்த காற்று வரும். உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். 'குளிர்விப்பி' என்று பேர் வைத்தால், குளிர்ந்த முள்ளைப் பார்க்கிறவனுக்கு அது நல்ல வேலை செய்வதாகத்தானே தோன்றும்?

[இயற்பியல் ஆசிரியை]

நல்ல கேள்வி. 'வெப்பச்சுமப்பி' என்றால்? 'கடத்தி' ஏற்கெனவே உலோகத்துக்குப் போய்விட்டது.

அதோடு, அது நீர் மட்டுமில்லை என்பதும் பேரில் தெரிய வேண்டும். நீரும் எத்திலீன் கிளைக்கால் என்ற வேதித் திரவமும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் −37 பாகை செல்சியஸ் வரை உறையாது, கொதிநிலையும் ஏறும். மூடி போட்டிருக்கும் அழுத்தம் இன்னும் ஏற்றும்: ஒரு 'பார்' (ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) கூடுதல் அழுத்தத்தில் வெறும் நீரே 120 பாகையில்தான் கொதிக்கும். அதனால்தான் சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்த கணத்தில் உள்ளே இருப்பது பொங்கி முகத்தில் அடிக்கிறது. ஒரு ரப்பர் வளையம் தேய்ந்த மூடி போதும், நல்ல எஞ்சினையும் கொதிக்கவிட.

[தமிழாசிரியர்]

உறையாமல் தடுப்பதால் 'உறைதடுப்பி' எனலாமே?

[பட்டறைக்காரர்]

பனியே பார்க்காதவனுக்கு அது எதற்கு என்று கேட்பான், தண்ணியே ஊற்றுவான். உள்ளே துருப்பிடிக்காமல் காப்பதும் அதே திரவம்தான் ஐயா. வெறும் தண்ணி ஊற்றிய பழைய வண்டிகளில் கூலன்டை வடிக்கும் பிளக்கைத் திறந்தால் செம்மண் கரைத்த மாதிரி வரும். போதாக்குறைக்கு எங்களுக்குப் 'பச்சை' என்றாலே பழைய வகைக் கூலன்ட். ஆரஞ்சு வேறு வகை. நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது, டப்பாவில் எழுதியதைப் படிக்க வேண்டும். ஒன்றோடொன்று கலந்தால் சிலது கொழகொழவென்று உறைந்து அடைத்துக்கொள்ளும். 'பச்சைத் தண்ணீர்' என்று இழை தொடங்கிய அம்மா எழுதியதைப் படித்து நான் முதலில் குழம்பியே போனேன்.

[இழை தொடங்கியவர்]

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அட்டவணையில் ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்தேன். "எஞ்சின் குளிர்ந்த பின் குளிர்விப்பியின் மட்டத்தைப் பார்க்க." வாய்விட்டுப் படித்தால் எந்தக் குளிர் எது என்று எனக்கே தடுமாற்றம். "வெப்பச்சுமப்பியில் வெப்பம் மிகுந்தால்" இன்னும் மோசம். 'கூலன்ட்' என்று போட்டபோது மட்டும் யாரும் வாளி எடுக்கவில்லை. ஆகவே கூலன்ட், முதல் இடத்தில் மட்டும் ஒரு விளக்க வரி: "எஞ்சினின் சூட்டை ரேடியேட்டருக்குச் சுமந்துசெல்லும் கலவை, வெறும் தண்ணீர் அன்று." ரேடியேட்டரும் அப்படியே.

[இயற்பியல் ஆசிரியை]

மனசில்லாமல் சம்மதம். கதிர்வீசி வராதவரை எனக்குப் போதும்.

[பட்டறைக்காரர்]

சம்மதம்.

[தமிழாசிரியர்]

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் வேற்றுச்சொல்லை எடுப்பதென்றால் நம் எழுத்துக்கு இசைய எடுக்க வேண்டும் என்பது தொல்காப்பியர் காலத்து முறை. னகர மெய்க்குப் பின் டகரம் தமிழில் வராது, ணகரத்தின் பின்தான் வரும். சொல் டகர மெய்யில் முடியவும் முடியாது. ஆகவே 'கூலன்ட்' அன்று, 'கூலண்டு'. 'கூலண்டை ஊற்றுக', 'கூலண்டில் குமிழி' என்று வேற்றுமையும் தானே ஒட்டிக்கொள்ளும். 'கூலன்ட்டை' என்பதை ஒரு முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

[இழை தொடங்கியவர்]

சொல்லிப் பார்த்தேன் ஐயா. கையேடு முழுக்கக் கூலண்டு என்று மாற்றிவிட்டேன். நாற்பத்தேழு இடம்.

[இளையவர்]

ரேடியேட்டர் எத்தனை இடம் அம்மா? ஒரே ஒரு இடத்திலாவது, அடைப்புக்குறிக்குள்ளாவது, சூடாற்றி?