பதில்: கைனேஸுக்குத் தமிழ்ச் சொல் – 'இயக்குநொதி' பொருந்தாது

ஐயா, வணக்கம். குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கைனேஸ் என்ற நொதிக் குடும்பத்துக்கு நீங்கள் முன்வைத்த தமிழ்ச் சொற்களுக்கு என் பதில் இது.

> கைனேஸின் கிரேக்க வேருக்கு 'அசைத்தல், இயக்குதல்' என்று பொருள்.
> ஆகவே 'இயக்குநொதி' என்பதே நேரான தமிழ்.

வேரைப் பற்றி நீங்கள் சொன்னதில் மறுப்பில்லை. ஆனால் முதுமுனைவர் ஆய்வு என்று சொல்லிக்கொண்டு பகலெல்லாம் இந்த நொதிகளோடு மாரடிக்கிறவன் நான். அந்த வேரைப் பிடித்துக்கொண்டு போனால் பாடம் தப்பிவிடும்.

கைனேஸின் வேலை ஒன்றே ஒன்றுதான். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறின் மூன்று பாஸ்பேட்டுகளில் கடைசியைக் கழற்றி வேறொரு மூலக்கூறின்மேல் ஏற்றும். புரதக் கைனேஸ் என்றால் ஏறும் இடம் புரதத்திலுள்ள செரீன், திரியோனீன், டைரோசின் என்னும் அமினோ அமிலங்கள். ஏறிய பிறகு அந்தப் புரதம் வேலையைத் தொடங்குமா முடங்குமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். 1950களில் சியாட்டிலில் பிஷரும் கிரெப்சும் கண்டது தொடங்கும் வகை: பாஸ்பேட் ஏறியதும் தசையிலுள்ள கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸ் என்ற நொதி, சேமித்துவைத்த சர்க்கரையான கிளைக்கோஜனை உடைக்கத் தொடங்கியது. 1992இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்குத்தான். கிளைக்கோஜனைக் கட்டும் சிந்தேஸ் நொதியின் கதை நேர்மாறு. ஜிஎஸ்கே-3 என்ற கைனேஸ் அதன்மேல் பாஸ்பேட் ஏற்றினால் அது முடங்கும். இன்சுலின் வந்ததும் ஏகேடி என்ற இன்னொரு கைனேஸ் ஜிஎஸ்கே-3இன் மேலேயே பாஸ்பேட் ஏற்றி அதன் வாயை அடைக்கிறது. உங்கள் சொல்லை வைத்து எழுதினால், "ஓர் இயக்குநொதி இன்னோர் இயக்குநொதியை இயங்கவிடாமல் செய்கிறது" என்று வரும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை புத்தகத்தை மூடிவைத்துவிடும்.

> பாஸ்பேட் + ஏற்றி = பாஸ்பேற்றி. சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம்தான், அழகும் கூட. ஆனால் ஈழத்துப் பாடநூல்களில் பாஸ்பேட்டுக்கே 'பொசுபேற்று' என்றுதான் பெயர். யாழ்ப்பாணத்து மாணவர் பாஸ்பேற்றியை உப்பு என்று நினைத்தால் குற்றம் அவருடையதல்ல.

'பாஸ்பேட் ஏற்றுநொதி' என்று விரித்தாலும் இரண்டு இடங்களில் இடிக்கிறது. பாஸ்பாரிலேஸும் கிளைக்கோஜனை உடைக்கும்போது குளுக்கோஸின்மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. ஏடிபி-யிலிருந்து எடுக்காமல், செல்லில் தனியாகத் திரியும் பாஸ்பேட்டை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே வேறுபாடு. இரண்டாவது, 2002இல் மனித மரபணுத்தொகுதியில் 518 புரதக் கைனேஸ்களை எண்ணியபோது, அவற்றில் சுமார் 50 வினையாற்றும் திறன் அற்றவை என்று கணித்தார்கள் (சில பிறகு வேலை செய்வதாகத் தெரியவந்தது). குடும்ப முகம் இருக்கும், தொழில் இருக்காது. இவற்றைப் 'போலிக் கைனேஸ்' எனலாம். 'ஏற்றாத ஏற்றுநொதி' என்றா எழுதுவது?

ஆகவே என் கட்சி இது: குடும்பப் பெயர் கைனேஸ் என்றே இருக்கட்டும், வினையைத் தமிழாக்குவோம். பாஸ்பேட் ஏற்றம், பாஸ்பேட் நீக்கம். பெயரைவிட வினைதான் வாக்கியத்துக்கு வாக்கியம் தேவைப்படுகிறது. எங்கள் ஆய்வகப் பொருளிலேயே சோதித்துப் பார்த்தேன்:

"எல்ஆர்ஆர்கே2 என்னும் கைனேஸ், ராப்10 புரதத்தின் 73ஆம் இடத்துத் திரியோனீனில் பாஸ்பேட் ஏற்றுகிறது. எல்ஆர்ஆர்கே2இன் 2019ஆம் இடத்தில் கிளைசீன் போய்ச் செரீன் வந்தால் ஏற்றம் மிகுகிறது. பார்க்கின்சன் நோய்க்கு வாய்ப்பும் கூடுகிறது."

தடங்கலில்லாமல் ஓடுகிறது. செய்முறையும் அப்படியே எழுதவருகிறது: நோயாளியின் இரத்தத்திலிருந்து நியூட்ரோபில்கள் என்னும் வெள்ளணுக்களைப் பிரித்து இரண்டு குழாய்களில் வைக்கிறோம். ஒன்றில் கைனேஸை அடக்கும் மருந்தான கைனேஸ் தடுப்பான், மற்றதில் அந்த மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் மட்டும். அரை மணி கழித்துச் செல்களை உடைத்து, புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் ப்ளாட் சோதனை. (நியூட்ரோபிலில் புரதத்தை அறுக்கும் நொதிகள் ஏராளம், முதலில் அவற்றை அடக்காவிட்டால் ப்ளாட்டில் ஒன்றும் மிஞ்சாது.) ஏற்றம் பெற்ற ராப்10ஐ மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் போட்டால், தடுப்பான் சேர்த்த பக்கம் பட்டை மங்கியிருக்கும்.

தாய்மொழியில் பெயர் வைக்கவே கூடாது என்பதல்ல என் கருத்து. இந்த எல்ஆர்ஆர்கே2க்கே 2004இல் 'டார்டரின்' என்று ஒரு பெயர் வைத்தார்கள். ஆய்வுக்கு உதவிய குடும்பங்களில் பல பாஸ்க் நாட்டவை. பாஸ்க் மொழியில் 'டார்டரா' என்றால் நடுக்கம். ஒற்றைப் புரதத்துக்கு அப்படி வைக்கலாம், ஐநூறு பேர் கொண்ட குடும்பத்துக்கு முடியாது.

மிச்சமிருப்பது ஒன்று: கைனேஸை அடக்கும் மருந்தைத் தடுப்பான் என்பதா, தடுப்பி என்பதா? இமாட்டினிப் 2001இல் வந்தபின் இந்த வகை மருந்துகள் பெருகிவிட்டன. நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பிறக்கும் அடங்காத கைனேஸை அடக்குவது அது. நான் தடுப்பான் என்று எழுதிப் பழகியவன். குழுவிலுள்ள மருத்துவர்கள் நோயாளிகளிடம் எதைச் சொல்கிறார்களோ, அதையே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்