புதுப்பிப்பு: துரித உணவுக் கடையில் வேலை பார்க்கும் தம்பிக்குக் கடன் மதிப்பெண் வந்துவிட்டது

பர்கர் கடைக் கிளை ஒன்றில் வேலை பார்க்கும் தம்பிக்கு, கடன் வரலாறே இல்லையென்று வங்கி கிரெடிட் கார்டு மறுத்ததைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

டெபாசிட்டை ஈடாக வைத்து கார்டு வாங்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போட்டான், கார்டு கிடைத்தது. போன் பில்லுக்கு மட்டும் தேய்த்தான். ஏழாவது மாதத்தில் அவனுடைய முதல் கடன் மதிப்பெண் (கடனை எவ்வளவு ஒழுங்காகக் கையாள்கிறோம் என்று வங்கிகளுக்குக் காட்டும் எண்) வந்தது. அன்று இரவு சீருடையைக்கூட மாற்றாமல் போனை நீட்டிக் காட்டினான்.

அப்புறம் ஒன்று, நாங்கள் எதிர்பார்க்காதது. வேலைக்கு ஷூ வாங்கியதில் கார்டு வரம்பில் 90 சதவீதம் போய்விட்டது. கெடுவுக்குள் முழுசாகக் கட்டியும் மதிப்பெண் இறங்கியது. கார்டு பில் போடும் நாளில் நிற்கும் பாக்கிதான் கடன் பதிவுக்குப் போயிருக்கிறது; வரம்பில் பெரும்பங்கைச் செலவழித்ததாக அதில் தெரிந்ததால்தான் இறக்கம். இப்போது அந்தத் தேதிக்கு முன்பே கட்டி, பாக்கியை வரம்பில் 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்கிறான். இரண்டே மாதத்தில் பழையபடி ஏறிவிட்டது.