செஸ் ரூக் எண்டிங்கில் மகள் தோற்றுவிட்டாள், கோச் இன்ஜின் வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

கொழிஞ்சாம்பாறை அப்பா:
அவசரம், நாளை மாலை கிளாஸ். பாலக்காட்டு செஸ் போட்டியில் கடைசிச் சுற்றில் மகள் ரூக் எண்டிங்கில் (ராஜா, ரூக் எனும் யானை, சிப்பாய் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டம்) தோற்றாள். மொபைலில் ஸ்டாக்ஃபிஷ் (ஆட்டத்தை மதிப்பிடும் இன்ஜின்) போட்டுப் பார்த்தேன், ரொம்ப நேரம் பூஜ்யம், அதாவது சமம், காட்டிக்கொண்டே வந்து ஒரே நகர்த்தலில் எதிராளி பக்கம் எகிறிவிட்டது. கோச்சோ இன்ஜினைத் திறக்காமல், ஆட்டம் எங்கே கைமாறியது, அப்போது மனதில் என்ன ஓடியது என்று அவளையே எழுதி வரச் சொல்கிறார். அவள் நோட்டைத் திறந்து வைத்து அழுகிறாள். எப்படி உதவுவது?

வேலந்தாவளம்:
கறுப்பா வெள்ளையா? எது எந்தக் கட்டத்தில்? இதைச் சொல்லாமல் யார் என்ன சொல்ல முடியும் அண்ணா.

ஆற்றோரம்:
ஓப்பனிங், அதாவது முதல் நகர்த்தல்கள், என்ன ஆடினாள்? இந்த வயதில் கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கும். லண்டன் சிஸ்டம் என்ற ஓப்பனிங்கைப் பழக்குங்கள்.

வேலந்தாவளம்:
எண்டிங் வரை சமமாகக் கொண்டுவந்த பிள்ளைக்கு ஓப்பனிங் எதற்கு?

கோவை64:
டைம் கன்ட்ரோல்? நகர்த்தல் தாள் முழுதாக இருக்கிறதா?

கொழிஞ்சாம்பாறை அப்பா:
90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடும். தாள் இருக்கிறது. அவள் கறுப்பு. கட்டங்களை எழுத்தால் நெடுவரிசை, எண்ணால் கிடைவரிசை என்று சொல்கிறேன்: கறுப்பு ராஜா இ8, ரூக் பி6. வெள்ளை ராஜா டி5, ரூக் ஏ7, சிப்பாய் இ5. வேறு காய் இல்லை. சிப்பாய் இ6-க்கு ஏறியதும் இவள் ரூக்கை பி8-ல் வைத்தாள்.

பழைய கடிகாரம்:
பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோர் 1777-லேயே விளக்கிய நிலை இது. இதுகூடத் தெரியாத குழந்தையைப் போட்டிக்கு அனுப்புவானேன்? கோவையில் நல்ல கோச்சாகப் பாருங்கள், அங்கே இதெல்லாம் முதல் மாதப் பாடம்.

ஆற்றோரம்:
அதென்ன கோவை? ஜி.என். கோபால் 2007-லேயே கிராண்ட்மாஸ்டர், நிஹால் சரின் 2018-ல். இரண்டு பேரும் கேரளம்தான், நிஹால் பக்கத்துத் திருச்சூர்.

பழைய கடிகாரம்:
கிராண்ட்மாஸ்டர் கணக்கில் தமிழ்நாட்டுடன் போட்டியா? வேண்டாம் தம்பி.

வேலந்தாவளம்:
அந்தச் சண்டையை வேறு இழையில் போடுங்கள், இங்கே ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. அண்ணா, சிப்பாய் இ5-ல் நின்றவரை ரூக் ஆறாம் வரிசையில் இருந்தது மிகச் சரி, வெள்ளை ராஜாவை மேலே ஏற விடாது. இ6 வந்ததும் ரூக் பி1-க்கு ஓடியிருக்க வேண்டும். ராஜா டி6 வந்தால் டி1-லிருந்து செக், இ5 போனால் இ1-லிருந்து செக், சிப்பாய் முன்னால் போய்விட்டதால் ஒளிய இடமில்லை, டிரா. பி8-ல் வைத்தால் ராஜா டி6 வந்துவிடும், அப்புறம் வெள்ளை ரூக் எச்7 போய் எச்8-ல் மேட் மிரட்டும். பி6-ல் செக் சொன்னாலும் ராஜா இ5, எஃப்6 என்று நழுவிவிடும்.

ஆனால் இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். பலகையில் அடுக்கி நீங்கள் வெள்ளை ஆடுங்கள், அவள் ரூக்கை வெவ்வேறு கட்டத்தில் வைத்துத் தோற்கட்டும், பிழைக்கட்டும். பி8-க்கு ஏன் போனாய் என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பதில்தான் கோச்சுக்கு வேண்டும், இன்ஜினுக்கு அது தெரியாது.

கோவை64:
எழுதி முடித்த பிறகு இன்ஜினில் சரிபார்ப்பதில் தப்பே இல்லை. இன்ஜினே கூடாது என்பது பழைய காலத்துப் பேச்சு.

வேலந்தாவளம்:
எழுதிய பிறகு என்றால் சரி. எழுதும் முன் பார்த்தால் அவளுடைய யோசனை அங்கேயே நின்றுவிடும்.

கொழிஞ்சாம்பாறை அப்பா:
ஆடிப் பார்த்தோம். ஏ8-ல் செக் வரும் என்று பயந்துதான் பி8-ல் வைத்தாளாம். பி1-ஐ அவளே கண்டுபிடித்துவிட்டாள், ஏ8-ல் செக் வந்தாலும் ராஜா இ7-ல் நின்று சிப்பாயை மறிக்கும் என்பதையும். எழுதிக்கொண்டிருக்கிறாள். நன்றி.

வேலந்தாவளம்:
நல்லது அண்ணா. ரூக்கை பி6-ல் நிறுத்தியது தெரிந்து செய்ததா, தற்செயலா என்பதையும் எழுதச் சொல்லுங்கள், கோச் முதலில் அதைத்தான் கேட்பார்.